காசும் கலமும்

பழங்காசுகளைத் திரட்டுவது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். அது வரலாற்றுக் கல்வியின் ஒரு கிளை என்று அறிந்தோர் சிலர். திரட்டிய காசை எதில் வைப்பது, எவ்வாறு வைப்பது என்று ஆராய்ந்து பார்ப்போரோ மிகச் சிலரே. காசைப் பற்றிப் பேசும் நூல்கள் ஏராளமாக உள்ளன. அக்காசைத் தாங்கி நிற்கும் பெட்டி, தட்டு, உறை, அட்டை, குறிப்புச் சீட்டு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவார் அரியர். கலத்தின்பால் கவலையில்லாமையால் காசும் கெடுகின்றது. அதனோடு ஒட்டி வந்த வரலாறும் கெடுகின்றது என்பது நமது கருத்து. இக்கருத்தினை மாணவச் செல்வங்களின் முன்னும் சமுதாயப் பெரியோர் முன்னும் வைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நம்மை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சியாகும். மாணவர்கள் நடத்திய கண்காட்சி ஒன்றிற்கு, கடலோர ஊரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தம் பாட்டனாரின் காசுகளைக் கொண்டு வந்தார். இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வாணிகம் செய்த முன்னோர் சேர்த்து வைத்த நாற்பது காசுகள் அவை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவை ஓர் ஓலைப் பெட்டியில், ஒவ்வொன்றும் ஒரு தாளில் மடிக்கப்பட்டு, யாதொரு குறையுமின்றி இருந்துள்ளன. பாட்டனாரின்பால் கொண்ட பேரன்பினால் பேரர், நகரத்துக் கடை ஒன்றில் பளபளப்பான பிளாஸ்டிக் ஆல்பம் ஒன்றை வாங்கி, காசுகளை அதன் பைகளில் செருகி வைத்தார். நான்கு மழைக்காலங்கள் கடந்தன. நாம் பார்த்தபோது செப்புக் காசுகளின்மேல் பசைபோன்ற பச்சைப் படலம் படர்ந்திருந்தது. சிலவற்றில் எழுத்துகள் கரைந்தே போயிருந்தன.

அந்தப் பெரியவரை நேரில் கண்டு வருத்தம் தெரிவிக்கச் சென்றோம். அவரோ காசைப் பற்றிப் பேசவில்லை. “தம்பி, காசு போனால் போகட்டும். ஒவ்வொரு காசையும் மடித்திருந்த தாளில், அது எங்கே எப்போது கைக்கு வந்தது என்று எங்கள் வாப்பா அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். கசங்கிய தாள்தானே என்று பிள்ளை அவற்றை எறிந்துவிட்டான். அது என்னிடம் இருந்த அமானிதம்” என்றார். அச்சொற்கள் நம் நெஞ்சில் தைத்தன. அறியாமையால் நேர்ந்த இவ்விழப்பிற்கு அந்த இளைஞரை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. காசைக் காக்கும் கலையை அவருக்கு யார் கற்பித்தார்கள்? கற்பிக்கத் தவறியோருள் நாமும் ஒருவர் அல்லமோ?

பானை முதல் பேழை வரை

காசுக்கு முதற்கலம் மண்பானையே ஆகும். 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் உரோமானியப் பொற்காசுகள் 501 ஒரே புதையலாக ஒரு மட்கலத்தில் கிடைத்தன. கடல் கடந்து வந்த அக்காசுகள் பதினெட்டு நூற்றாண்டுகள் தமிழ் மண்ணில் உறங்கிக் கிடந்தன. பொன் துருப்பிடியாது என்பது ஒருபுறமிருக்க, ஒரே கலத்தில் ஒருங்கே கிடந்தமையால்தான் அவற்றுக்கு வரலாற்றுப் பெருமை வாய்த்தது. எந்த அரசனின் காசுகள் எத்துணை உள்ளன, புதையலில் மிகப் பிந்திய காசு எது, எவ்வெவை உளியால் வெட்டுண்டவை என்றெல்லாம் அறிஞர் ஆராய இயன்றது. அவை ஒவ்வொன்றாகச் சிதறியிருப்பின் 501 பொன் வில்லைகளாக மட்டுமே எஞ்சியிருக்கும். எனவே கலம் என்பது காசைத் தாங்குவதோடு, காசுகளுக்கு இடையே உள்ள உறவையும் தாங்குகின்றது என்பது முதற்பாடம்.

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்தில் பழங்காசு திரட்டும் வழக்கம் வேரூன்றியது. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் 1354-ஆம் ஆண்டில் பேரரசர் நான்காம் சார்லசுக்கு உரோமானியப் பேரரசர்களின் உருவம் பொறித்த காசுகளைப் பரிசாக அளித்தார். முன்னோரின் முகங்களைக் கண்டு அவர்தம் நற்செயல்களைப் பின்பற்றுக என்பது அவரது நோக்கம். பின்னர் மன்னர்களும் செல்வர்களும் காசுகளைக் குவித்தனர். குவித்தவற்றை வகைப்படுத்தி வைக்கத் தாழ்ந்த இழுப்பறைகள் பல கொண்ட மரப்பேழைகள் தோன்றின. ஒவ்வோர் இழுப்பறையும் ஒரு தட்டு. தட்டில் வட்டக் குழிகள். குழிக்கு ஒரு காசு. காசின் அடியில் வட்டமாக நறுக்கிய ஒரு குறிப்புச் சீட்டு. இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்காக வில்லியம் வைல் என்னும் தச்சுக் கலைஞர் 1760-61-இல் செய்த பேழைகளுள் ஒன்று இன்று நியூயார்க் பெருநகர்க் கலை அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக விளங்குகிறது. காசு வைத்த பேழையே ஒரு கலைச்செல்வமாகிவிட்டது!

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பெர்லின், டிரெஸ்டன் முதலிய நகரங்களில் உள்ள நாணய அருங்காட்சியகங்களை இன்றும் செர்மானியர் ‘மியூன்ஸ்கபினெட்’ என்றே வழங்குகின்றனர். ‘நாணயப் பேழை’ என்பது அதன் நேர்ப்பொருள். அலமாரிக்கு வைத்த பெயர் அறைக்கு வந்தது. அறையின் பெயர் நிறுவனத்திற்கு வந்தது. கலத்திலிருந்தே ஒரு கல்வித்துறை கிளைத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இழுப்பறைத் தட்டு மூன்று நன்மைகளை ஒருங்கே அளித்தது. காசை எளிதில் எடுத்து, இருபுறமும் பார்த்து, எடை போட்டு, மீண்டும் வைக்கலாம். ஒரே அரசனின் காசுகளை அருகருகே வைத்து ஒப்பிடலாம். காசோடு அதன் வரலாறும் சீட்டு வடிவில் பிரியாது இருக்கும். இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு, பின்னர் வந்த கலங்களை மதிப்பிடலாம்.

துளையிட்ட அட்டை

பேழை செல்வர்க்கு உரியது. எளியோர் கைக்குக் காசுத் திரட்டு வந்தது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில்தான். பென்சில்வேனியா மாநிலத்தின் ஷிப்பன்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த பைஸ்டில் என்பார், 1920-களின் பிற்பகுதியில், துளைகள் இட்ட தடித்த அட்டைத் தாள்களை உருவாக்கினார். துளையில் காசை இட்டு, இருபுறமும் ஒளி ஊடுருவும் பட்டைகளைச் செருகினால் காசின் இரு முகங்களும் தெரியும். நியூயார்க் நாணய வணிகர் வெய்ட் ரேமண்ட் இதனை ஏற்றுப் பரப்பினார். இன்று நாம் ஆல்பம் என்று கூறுவதன் முன்னோடி இதுவே.

அடுத்து விஸ்கான்சின் மாநிலத்து நீனா நகரைச் சேர்ந்த ஜே.கே. போஸ்ட் என்பார், 1934-ஆம் ஆண்டளவில், இன்னும் எளிய ஒன்றைச் செய்தார். ஒரே அட்டை, அதில் ஆண்டு அச்சிட்ட துளைகள், புழக்கத்தில் உள்ள ஒரு சென்ட் காசுகளைத் தேடி ஒவ்வொரு துளையிலும் அமுக்கி நிரப்ப வேண்டும். அவ்வட்டைகளை அச்சிட்டுத் தந்த விட்மன் நிறுவனம் விரைவில் அத்தொழிலையே தனதாக்கிக் கொண்டது. அது சிறுவர் நூல்களும் விளையாட்டுப் பொருள்களும் வெளியிட்ட நிறுவனம். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. அட்டையின் விலையோ 25 சென்ட். வேலையற்ற தந்தையும் பள்ளிச் சிறுவனும் ஒரே விளக்கொளியில் அமர்ந்து சில்லறையைப் புரட்டினர். 1940-ஐ ஒட்டி, மடித்து அலமாரியில் வைக்கத்தக்க நீலநிற மடிப்பேடுகள் வந்தன. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்டு யோ, ஆர்.எஸ். யோமன் என்ற பெயரில் 1946-இல் வெளியிட்ட நாணய வழிகாட்டி நூல் இன்றளவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

ஓர் அட்டைத் துண்டு ஒரு நாட்டையே காசு திரட்டுவோர் நாடாக்கிற்று. நிரம்பாத துளை மனிதனை உறங்கவிடாது என்னும் உண்மையை அவர்கள் கண்டுகொண்டனர். 1909-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ சாலையில், வடித்தவரின் பெயரெழுத்துகள் மூன்றையும் தாங்கி வெளிவந்த லிங்கன் சென்ட் 4,84,000 மட்டுமே. அட்டையில் அதற்கும் ஒரு துளை இருந்தது. அத்துளையை நிரப்ப வேண்டும் என்ற ஏக்கமே அச்செப்புக் காசிற்குப் பெருவிலையைத் தேடித் தந்தது.

இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கலம் காசுக்குத் தொண்டு செய்த நிலை மாறி, காசு கலத்தை நிரப்பும் பொருளாயிற்று. எதைத் திரட்டுவது என்று அறிவு ஆணையிட்டது போய், துளை ஆணையிட்டது. மேலும், அவ்வட்டையில் காசின் ஒரு முகமே தெரிந்தது, மறுமுகம் மறைந்தது. குறிப்பு எழுத இடமில்லை. பைஸ்டில் வகை ஆல்பத்திலோ, பட்டையை இழுக்குந்தோறும் அது காசின் மேட்டில் உராய்ந்து கீறலிட்டது. அட்டையில் கலந்திருந்த கந்தகம் வெள்ளிக் காசுகளின் விளிம்பை நீலமும் பொன்னிறமுமாக நிறம் மாற்றியது. அந்நிறமாற்றத்தையே அழகென்று கொண்டு கூடுதல் விலை தருவோரும் இன்று உள்ளனர்! ஆயினும் கல்வியை எளியோர்க்கும் பொதுவாக்கிய பெருமையை அட்டைக்கு நாம் மறுக்கலாகாது.

பிளாஸ்டிக் உறையின் தீங்கு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது. அதில் நல்லதும் உண்டு, தீயதும் உண்டு. வேறுபாடு அறியாமையே நம் வீடுகளில் நேரும் கேட்டிற்குக் காரணம்.

பாலியெஸ்டர் என்னும் படலம், ‘மைலார்’ என்ற வணிகப் பெயரால் அறியப்படுவது, காசுக்குத் தீங்கு செய்யாது. இரண்டு அங்குலச் சதுர அட்டையில் வட்டச் சாளரம் வெட்டி, அதில் இப்படலத்தை ஒட்டிய உறைகள் உலகெங்கும் வழக்கில் உள்ளன. அட்டையை மடித்துப் பின்னூசியால் தைப்பர். மலிவானது, இருமுகமும் தெரியும், அட்டையில் குறிப்பும் எழுதலாம். ஆனால் பின்னூசி துருப்பிடிக்கும். அதன் முனை அடுத்த காசைக் கீறும். ஆகவே பின்னூசியை நன்கு தட்டித் தட்டையாக்கிவிட வேண்டும்.

தீயது பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு ஆகும். அது இயல்பில் விறைப்பானது. அதனை வளையும்படி மென்மையாக்க எண்ணெய் போன்ற இளக்கிகளைச் சேர்ப்பர். அவை காலப்போக்கில் வெளியே கசிந்து காசின்மேல் பசையாகப் படியும். வெப்பத்தாலும் ஒளியாலும் அப்பிளாஸ்டிக் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை விடும். காற்றின் ஈரம் அதனோடு கூடினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும். அமிலம் செம்பைத் தின்னும். அந்தப் பெரியவரின் காசுகளில் நாம் கண்ட பச்சைப் படலம் இவ்வாறு விளைந்ததே. கடற்காற்றும் வெயிலும் மிகுந்த நம் ஊர்களில் இக்கேடு விரைந்து நிகழ்வதில் வியப்பில்லை. காக்க வாங்கிய உறையே காசைக் கொன்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல என்பார்களே, ஈண்டு தாழியே வெண்ணெயைக் குடித்துவிட்டது.

பழைய மரப்பேழையெனின் குற்றமற்றது என்றும் கருதிவிடலாகாது. ஓக் போன்ற மரங்கள் அசெட்டிக் அமில ஆவியை வெளியிடும். அவ்வாவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். ஒட்டுப்பலகையின் பசையும் ஆவி விடும். தட்டில் விரிக்கும் கம்பளித் துணியில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். இரப்பர் வளையமும் அவ்வாறே. மேலைநாட்டார் நாணயப் பேழைக்கு மகோகனி மரத்தைப் பெரிதும் விரும்பியமைக்கு அழகு மட்டும் காரணமன்று. அது ஓக்கைக் காட்டிலும் தீங்கு குறைந்தது என்பதைப் பட்டறிவு அவர்களுக்குக் கற்பித்திருந்தது. சாதவாகனர் ஈயத்தில் காசு வெளியிட்டவர்கள். சோழமண்டலக் கரையில் கிடைத்த, இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த அவர்தம் ஈயக் காசுகள் நம் கடல் வாணிகத்தின் கண்கண்ட சான்றுகள். அத்தகைய காசொன்றைத் தவறான மரப்பெட்டியில் வைத்து மூடிவிட்டால், நாள்பட அக்கப்பல் பொடியாய் உதிர்ந்துவிடும்.

எப்பொருள் தீங்கற்றது என்று அறிய, இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். ஐயத்திற்குரிய பொருளை வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் சிறு தகடுகளோடும் சிறிதளவு நீரோடும் ஒரு குடுவையில் அடைத்து, 60 பாகை செல்சியசு வெப்பத்தில் 28 நாள் வைத்துப் பார்ப்பது அது. தகடு மங்கினால் அப்பொருள் காசின் அருகே வரத்தக்கதன்று. பெரும் பொருட்செலவின்றி ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே செய்யத்தக்க சோதனை இது.

முத்திரையிட்ட கூடு

1986-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பி.சி.ஜி.எஸ். என்னும் நிறுவனம் ஒரு புதுமுறையைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே என்.ஜி.சி. என்னும் நிறுவனமும் தோன்றியது. காசை வல்லுநர் ஆராய்ந்து, அதன் நிலைக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் இட்டு, விறைப்பான பிளாஸ்டிக் கூட்டினுள் வைத்து, உடைத்தாலன்றித் திறவாதபடி மூடி முத்திரையிடுகின்றனர். 70 என்னும் அளவுகோல் 1949-இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தது. போலிக் காசு பெருகிய காலத்தில் இக்கூடு வாங்குவோர்க்கு நம்பிக்கை தந்தது. கூடு காசுக்கு வேதியியல் தீங்கும் செய்வதில்லை. இவ்விரு நன்மைகளையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும் கல்வி நோக்கில் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. கூட்டினுள் அடைபட்ட காசைத் தொட்டுணர இயலாது; எடை போட இயலாது; தொடக்கக்காலக் கூடுகளில் விளிம்பும் தெரியவில்லை; பிற்காலத்தில்தான் விளிம்பு தெரியும் வகைகள் வந்தன. எடை என்பது காசின் உயிர்க்கூறுகளுள் ஒன்று. கலீஃபா அப்துல் மலிக் சீர்திருத்திய தீனார் ஏறத்தாழ 4.25 கிராம் என்னும் எடை ஒழுங்கே, அது உலக வாணிகத்தில் பெற்ற மதிப்பிற்கு அடிப்படை. காசின் முகத்தைப் பாராது சீட்டிலுள்ள மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வாங்கி விற்கும் வழக்கமும் கூட்டோடு வளர்ந்துவிட்டது. விற்பனைக்குக் கூடு ஏற்றது. ஆய்வுக்குத் தட்டே ஏற்றது என்பது நமது துணிபு.

எழுத்தே உயிர்

கலத்தைப் பற்றி இத்துணை விரித்துரைப்பது எதற்கு என்று சிலர் வினவலாம். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்றும் கேட்கலாம். காசு என்பது கையில் அடங்கும் கல்வெட்டு என்பதே நம் விடை.

ஹிஜ்ரி 77 (கி.பி. 696-97) முதல் அப்துல் மலிக் வெளியிட்ட தீனாரில் உருவம் இல்லை, எழுத்தே உண்டு. அக்காசு எந்த ஆண்டினது என்பதைச் சுற்று விளிம்பில் ஓடும் எழுத்தே கூறும். அடுத்து வந்த வெள்ளித் திர்ஹத்தில் அச்சிட்ட ஊரின் பெயரும் ஆண்டும் விளிம்பிலேயே உள்ளன. இத்தகைய காசைச் சிறிய சாளரம் கொண்ட அட்டையில் வைத்தால் ஊரும் ஆண்டும் மறைந்துவிடும். நடுவெழுத்து மட்டும் தெரியும் காசு, முகவரி கிழிந்த மடலைப் போன்றது. ஆகவே காசை அளந்து சாளரத்தைத் தேர்வதும் ஒரு கல்வியே.

பதினான்காம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்களின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். இப்னு பதூதா அவர்கள் காலத்தில் இங்கு வந்து தங்கி, கண்டவற்றை எழுதிச் சென்றார். அவர் சென்றபின் அரியணை ஏறியோரின் வரிசையை அறிய, அவர்கள் வெளியிட்ட காசுகள் தலையாய சான்றுகளாகத் துணை நிற்கின்றன. இறுதிச் சுல்தான் சிக்கந்தர் ஷாவின் காசில் ஹிஜ்ரி 779 (கி.பி. 1377-78) என்னும் ஆண்டு காணப்படுகிறது. அதனாலேயே அவ்வாட்சியின் எல்லையை அதுவரை கொண்டுசெல்கின்றனர். ஓர் ஆட்சியின் இறுதியாண்டு ஒரு சிறு காசின் முகத்தில் நிற்கிறது! அந்த ஓரம் களிம்பேறி அரிக்கப்பட்டிருப்பின் என்னாகியிருக்கும்?

சங்ககாலப் பாண்டியர் காசு வெளியிட்டனரா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. தமிழ்ப் பிராமியில் ‘பெருவழுதி’ எனப் பொறித்த சிறிய செப்புக் காசை முனைவர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் அடையாளம் கண்டு வெளியிட்டார். ஐயம் அகன்றது. நாணய வணிகர்களிடம் கிடைக்கும் தேய்ந்த செப்புக் காசுகளைப் பொறுமையோடு ஆராய்ந்தமையால் வந்த பயன் அது. அதனைப் புளியிட்டுத் துலக்கியிருந்தாலோ, அமிலத்தில் ஊற வைத்திருந்தாலோ, அவ்வெழுத்துகள் அழிந்து, அது பெயரற்ற செப்புத் துண்டாகவே போயிருக்கும். தமிழ் மாணவர்க்கு இதனில் இடமில்லை என்று இனி யார் கூறுவர்?

நாம் செய்யத்தக்கன

முதலாவதாக, பழங்காசைத் துலக்காதீர்கள். புளி, சாம்பல், எலுமிச்சை, பற்பசை யாவும் எழுத்தைத் தேய்க்கும். மேற்படிந்த இயல்பான நிறம் காசின் கவசமாகும். துலக்கிய காசுக்கு விலைமதிப்பும் குறையும் என்பதைப் பொருள்நோக்கு உடையோரும் அறிவார்களாக.

இரண்டாவதாக, வீட்டிலுள்ள ஆல்பத்தை இன்றே திறந்து பாருங்கள். பைகள் மென்மையாய், புதிய மழைச்சட்டை போன்ற வாடை வீசுவதாய் இருப்பின் அது பி.வி.சி. என்று ஐயுறுக. ஐயம் தீர, வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில், காய்ச்சிய செப்புக் கம்பியால் அதன் ஒரு துணுக்கைத் தொட்டுச் சுடரில் காட்டலாம்; சுடர் பச்சையாய் எரிந்தால் அதில் குளோரின் உண்டு. காசுகளை உடனே வெளியே எடுத்து, அமிலமற்ற தாளுறையிலோ பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன் உறையிலோ இடுக. படிந்த பசையை நீக்கும் பணியை வல்லாரிடம் விடுக.

மூன்றாவதாக, காசை விளிம்பிலேயே பிடியுங்கள். விரலின் வியர்வையும் உப்பும் முகத்தில் படலாகாது. ஈரமற்ற இடத்தில் வையுங்கள். வெளிறிய பச்சைப் பொடி உதிரும் செப்புக் காசைப் பிறவற்றினின்றும் பிரித்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். குளோரைடும் ஈரமும் சேர்ந்து செம்பை உள்ளிருந்து அரிக்கும் நோய் அது.

நான்காவதாகவும் தலையாயதாகவும், சீட்டு எழுதுங்கள். காசின் எடை, குறுக்களவு, கிடைத்த இடம், தந்தவர், நாள் ஆகிய ஐந்தும் போதும். தாளும் பென்சிலும் இருந்தால் ஆயிற்று. பழைய சீட்டு எத்துணைக் கிழிந்திருப்பினும், எம்மொழியில் எழுதியிருப்பினும், அதனை எறியாதீர்கள்.

மண்ணில் புதையல் கிடைப்பின் அதனை மறைத்தல் குற்றமாகும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கூட்டமாகக் கிடைத்தவற்றைப் பிரித்து விற்பது, ஒரு நூலின் ஏடுகளைக் கிழித்து விற்பதற்கு ஒப்பாகும்.

“காசு வாங்கவே பொருளில்லை, உறைக்கு ஏது?” என்று மாணவர் கேட்பது நம் செவியில் விழுகிறது. நல்ல தாளுறை பி.வி.சி. ஆல்பத்தைவிட மலிவானது. செலவைக் காட்டிலும் இதற்குப் பொறுமையே மிகுதியும் வேண்டும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பேழை, ஒரு தராசு, ஒரு பதிவேடு, இவை போதும். வேதியியல் துறை பேழைக்குரிய பொருளைச் சோதிக்கட்டும். அரபுத்துறை காசின் எழுத்தைப் படிக்கட்டும். வரலாற்றுத் துறை காலம் கணிக்கட்டும். தமிழ்த்துறை தமிழெழுத்தையும் அரபுத்தமிழ்ச் சீட்டுகளையும் படித்துப் பெயர்த்து எழுதட்டும். ஒரு செப்புக் காசு நான்கு துறைகளை ஒரே மேசையில் அமர்த்தும் ஆற்றல் உடையது. சமுதாயப் பெரியோர் தம் இல்லங்களில் உள்ள காசுகளைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. படமெடுத்து எடை கண்டு பதிவு செய்ய ஒரு நாள் இரவலாகத் தந்தால் போதுமானது. காசு அவர்கள் இல்லத்திலேயே இருக்கட்டும்; அறிவு அனைவர்க்கும் ஆகட்டும்.

தொடக்கத்தில் கூறிய பெரியவரை மீண்டும் மும்முறை கண்டோம். அவருடைய பேரரும் வேறு இரு மாணவரும் உடன் வந்தனர். காசுகளைத் தாளுறைகளுக்கு மாற்றியபின், ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்து, அதனைப் பற்றி நினைவில் இருப்பதைக் கேட்டு எழுதினோம். நாற்பதில் பதினொன்றைப் பற்றி அவரால் கூற முடிந்தது. “இது பினாங்கில் வாப்பா வாங்கிய முதற்கூலி” என்று ஒரு தேய்ந்த சென்ட் காசைத் தடவினார். பேரர் அதனைச் சீட்டில் எழுதினார். எழுதும்போது அவர் கை நடுங்கியதைக் கண்டோம். எஞ்சிய இருபத்தொன்பதும் இனி வாய் திறவா. அவற்றின் கதை எறிந்த தாளோடு போயிற்று.

பதினொன்றாவது எஞ்சியதே என்று மகிழ்வதா, இருபத்தொன்பது போயினவே என்று வருந்துவதா? நம் ஊர்களில் இன்னும் எத்துணை ஓலைப் பெட்டிகள் திறக்கப்படாமல் உள்ளன! அவற்றின் வரலாற்றை அறிந்த எத்துணைப் பெரியோர் நம்மிடையே உள்ளனர்! பெட்டி காத்திருக்கும், பெரியோரின் நினைவு காத்திராது. ஆதலின் அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் ஒரு கற்றைத் தாளுறையும் ஒரு பென்சிலும் கையோடு கொண்டு செல்வாராக. பாட்டனாரின் அருகே அமர்ந்து, காசைக் காட்டி, கேட்டு எழுதுவாராக.